ஓலையும் திரையும்: பழவேற்காட்டுக் கலைகளை இணையவழிப் போற்றும் நெறி

முன்னுரை

ஒரு நிலத்தின் கலையை அந்நிலத்து மக்களின் உழைப்பிலிருந்து பிரித்துக் காண்பது தமிழ் மரபன்று. தொல்காப்பியர் கருப்பொருளை வகுத்தவிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் ஆகிய அனைத்தையும் ஒரே வரிசையில் வைத்தார். பறையும் யாழும் கலை, தொழில் பிழைப்பு, தெய்வம் வழிபாடு என்று நாம் இன்று வேறு வேறாக எண்ணுகின்றோம். பழந்தமிழர்க்கு அவை ஒரு நிலத்தின் பல முகங்களாகவே தோன்றின.

இப்பார்வை இன்று புதியதொரு தேவையைப் பெற்றுள்ளது. 2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று பரவி ஊரடங்கு வந்தபோது, கண்காட்சிகளும் கலைவிழாக்களும் நின்றுபோயின. கலைகள் கைப்பேசித் திரைக்கு இடம்பெயர்ந்தன. ஆகஸ்டு 9ஆம் நாள் ஆண்டுதோறும் கொண்டாடப்பெறும் உலகப் பழங்குடியினர் நாளை ஐக்கிய நாடுகள் அவை அவ்வாண்டு இணையவழியே நடத்தியது. மரபுக் கலைகளைப் பட்டியலிடும் யுனெஸ்கோ குழுவும் அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் இணையவழியே கூடியது. பெருந்தொற்று தணிந்த பின்னரும் இணையவழிப் பயிலரங்குகள் நிலைபெற்றுவிட்டன. இந்நிலையில், பழவேற்காட்டு ஏரிக்கரை மக்களின் கலைகளை இவ்வழியில் போற்ற முற்படுவோர் கைக்கொள்ளத்தக்க நெறி யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏரியும் குடிகளும்

சென்னைக்கு வடக்கே திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கி ஆந்திர மாநிலத்துள் நீண்டு கிடப்பது பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சில்காவிற்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. ஏரியையும் வங்கக் கடலையும் பிரித்து நிற்பது சிறீஅரிக்கோட்டைத் தீவு. ஆரணி, காளங்கி, சுவர்ணமுகி ஆகிய ஆறுகள் நன்னீரைக் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புகுகின்றது. இவ்விரு நீரும் கலக்கும் அளவிலேயே இறாலும் நண்டும் மீனும் பெருகுகின்றன. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் ஏரியின் உயிர்ப்புக் குறைகின்றது.

இவ்வேரியை நம்பி வாழ்வோர் ஒரே குடியினர் அல்லர். பட்டினவர் எனப்பெறும் மீனவ மக்கள் 'பாடு' என்னும் முறையால் ஏரியின் மீன்பிடி இடங்களைத் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்து வந்துள்ளனர். எந்நாளில் எவ்விடத்தில் எவர் வலையிடுவது என்பதை ஊர் கூடி வகுப்பதே பாடு. ஒருவரே நல்ல இடத்தை என்றும் பற்றிக்கொள்ளாதபடி காக்கும் ஏற்பாடு இது.

பாட்டு உரிமை இல்லாத இருளர் மக்கள் வலையின்றி நீரில் இறங்கி, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிக்கின்றனர். இருளர் அரசின் பட்டியலில் பழங்குடியினர். தமிழகத்தில் மிகவும் நலிவுற்ற நிலையிலுள்ள பழங்குடிகளாக நடுவண் அரசு வகுத்த ஆறு குடிகளுள் ஒருவர். தமிழகத்தின் வடபகுதி இருளர் மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் குடும்பம் குடும்பமாகக் கூடிக் கன்னியம்மனை வழிபடுவர். அங்கேயே மணம் பேசி முடிப்பாரும் உளர். முழுநிலா நாளில் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. இரண்டும் ஒன்று என்று நாம் கூறவில்லை. கடற்கரையில் நிலவு நாளில் கூடி வழிபடும் வழக்கம் தமிழ் நிலத்தில் எத்துணைத் தொன்மையானது என்பதை மட்டும் ஈண்டு நினைவுகூர்கின்றோம்.

பழவேற்காட்டு ஊரில் நெடுங்காலமாக வாழும் முசுலிம் மக்கள் மூன்றாவது சாரார். அரபு நாட்டிலிருந்து மரக்கலங்களில் வந்து கரையேறியவர் தம் முன்னோர் என்பது அவர்தம் மரபுவழிச் செய்தி. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையைப் பற்றி எழுதிய போர்த்துகீசியரான துவார்த்தே பார்போசா, இங்கு முசுலிம் வணிகரும் பிற வணிகரும் ஒருங்கே வாழ்ந்ததைக் குறிப்பிடுகின்றார். இம்மக்களிடையே வழங்கிவரும் அரும்பெருங் கைத்தொழில் பனையோலை முடைதல்.

ஒரே ஓலை, இரு பெயர்

பழவேற்காட்டு முசுலிம் பெண்டிர் பனையின் குருத்தோலையைக் கொண்டு கூடைகளும் பெட்டிகளும் முடைகின்றனர். விரியாத குருத்தை வெட்டி வெயிலில் உலர்த்துதல், ஈர்க்கை நீக்குதல், ஓலையை ஒரே அகலமுள்ள வார்களாகக் கிழித்தல், சாயநீரில் கொதிக்கவைத்து நிறமேற்றுதல், மீண்டும் உலர்த்துதல், முடையும்போது ஒடியாதிருக்க ஈரம் காட்டுதல் என்று இத்தொழிலின் படிகள் பலவாகும். முடையும் நேரத்தைவிட ஓலையைப் பக்குவப்படுத்தும் நேரமே மிகுதி. வாரின் அகலம் நூலிழை பிசகினும் பெட்டியின் வாய் கோணிவிடும். அளவுகோல் இன்றிக் கண்ணாலும் விரலாலும் இவ்வளவைக் காப்பதே அவர்தம் தேர்ச்சி.

எண்ணூர் முதல் பழவேற்காடு வரையிலான கழிகளில் கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்டிரும் இதே பனையோலையைத் துணைக்கொள்கின்றனர். இரு கைகளும் நீருக்கடியில் சேற்றைத் துழாவிக் கொண்டிருக்க, பிடித்த இறாலை இடுவதற்கான ஓலைக்கூடையைப் பல்லால் கவ்விக்கொள்வர். மீன் இடும் இத்தகைய கூடையைப் 'பறி' என்பது தமிழ் வழக்கு. மணிக்கணக்கில் கழுத்தளவு நீரில் கூடையைக் கவ்வியவாறே நகர்தலும், சேற்றினடியில் ஒளியும் இறாலை விரல்நுனியால் உணர்தலும் தலைமுறை தலைமுறையாகக் கைம்மாறி வந்த அறிவாகும். அவ்விரல்கள் சிப்பியின் கூர்மையால் கிழிபடுவதும் அவ்வறிவின் விலையே.

இங்கு ஓர் உண்மை புலனாகின்றது. ஒரே மரத்தின் ஒரே ஓலை. ஒருத்தி கையில் நிறமேறிய பெட்டியாகும்போது அதனைக் 'கைவினைக் கலை' என்கின்றோம். மற்றொருத்தி பல்லில் பறியாகும்போது அதனை 'வறுமை' என்கின்றோம். முதலாவதற்குப் பயிலரங்கு நடத்துகின்றோம், இரண்டாவதற்கு இரங்குகின்றோம். கருப்பொருளுள் தொழிலையும் யாழையும் ஒருங்கு வைத்த இலக்கணத்தைப் பயிலும் நாம், இப்பாகுபாட்டை ஏற்றல் தகுமா என்பது எண்ணத்தக்கது.

பெயர் மட்டும் கடல் கடந்த வரலாறு

புகழ் எய்திய கலை தானே வாழும் என்று கருதுவார்க்குப் பழவேற்காட்டு வரலாறு ஓர் எச்சரிக்கையாக அமைகின்றது. ஒல்லாந்தர் 1613ஆம் ஆண்டில் இங்குக் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரையில் அவர்தம் வணிகத்தின் தலைமையிடமாகப் பழவேற்காடு நெடுங்காலம் விளங்கியது. 1690இல்தான் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்பட்டது. இத்துறையிலிருந்து தென்கிழக்கு ஆசியத் தீவுகளுக்குச் சென்ற பொருள்களுள் தலையாயது துணி. கட்டம் போட்ட அத்துணியின் புகழ் பெரிது. இன்றும் மலாய் மொழியில் கட்டமிட்ட கைலியைக் 'காயின் பெலிக்காட்' என்பர்; 'பெலிக்காட்' என்பது பழவேற்காட்டின் திரிபு.

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கோடிக்கணக்கானோர் நாவில் இச்சிற்றூரின் பெயர் நாள்தோறும் வழங்குகின்றது. ஆயினும் அத்துணியை நெய்த தறியாளர் யாவர், அவர்தம் சாய நுட்பம் எத்தகையது, கட்டங்களுக்கு அவர் இட்ட பெயர் என்ன என்பன அச்சொல்லோடு பயணம் செய்யவில்லை. பொருள் சென்றது, ஊர்ப்பெயர் சென்றது, செய்தவர் பெயர் கரையிலேயே நின்றுவிட்டது. மரக்கலம் பல திங்கள் கடந்து செய்த இதனை இணையம் ஒரு நொடியில் செய்துமுடிக்க வல்லது. பழவேற்காட்டுப் பெட்டியின் படம் உலகெங்கும் பரவி, அதனை முடைந்தவள் மட்டும் அறியப்படாது போவாளாயின், நாம் இழைப்பது நானூறாண்டுப் பழைய பிழையின் புதிய பதிப்பாகவே முடியும்.

திரையைக் கைக்கொண்ட கடலோடிகள்

இணையத்தை வெறுத்து ஒதுக்குவது இதற்கு விடையாகாது. உரியவர் கையில் இருக்கும்போது அது பெரும்பயன் விளைப்பதற்குச் சான்றுகள் உள. பாம்பனில் 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் 'கடல் ஓசை' என்னும் சமுதாய வானொலி மீனவ மக்களுக்கென்றே தொடங்கப்பெற்றது. காற்று, கடல்நிலை, கடல்வளப் பாதுகாப்பு, மீனவர் பாடல் ஆகியவற்றை அம்மக்களின் பேச்சுமொழியிலேயே அது வழங்கியது. 'தூத்துக்குடி மீனவன்' என்னும் யூடியூப் ஒளியோடையில் கடலோடி ஒருவரே தம் தொழிலையும் படகையும் உணவையும் தாமே படமெடுத்து விளக்குகின்றார். வல்லுநர் எவரும் இடையில் நின்று பொருள் கூறவில்லை. ஊர்ப்புற வாழ்வைப் பதிவுசெய்யப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014ஆம் ஆண்டில் தொடங்கிய 'பாரி' என்னும் இணையக் களஞ்சியம், கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்டிரின் வாழ்வை அவர்தம் சொற்களோடு வெளியிட்டுள்ளது.

பழவேற்காட்டிற்குத் தெற்கே அண்டை நிலமான எண்ணூர்க் கழியின் துயரைப் பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' 2017ஆம் ஆண்டு சனவரியில் இணையத்தில் வெளியிடப்பெற்றது. கபேர் வாசுகி எழுத, டி. எம். கிருஷ்ணா பாடிய அப்பாடல், கழியைக் காணாத பலரையும் கழியைப் பற்றிப் பேசச் செய்தது. வெளியார் கலையும் ஒரு நிலத்திற்குத் துணை நிற்கலாம் என்பதற்கு இது சான்று. எனினும் துணை நிற்றல் வேறு. அந்நிலத்தாரே பேசுதல் வேறு. பின்னதற்கு வழி செய்வதே பயிலரங்கின் பணி.

பையின் வாய் யார் கையில்?

இவ்விடத்தில் கடல் கடந்த நாடொன்றின் பட்டறிவு நமக்கு உதவுகின்றது. ஆசுதிரேலியாவின் வடநிலப்பகுதியில் தென்னன்ட் கிரீக் என்னும் ஊரை அடுத்து வாழும் வருமுங்கு என்னும் தொல்குடியினர், தம் முன்னோரின் படங்களும் ஒலிப்பதிவுகளும் கணினிக்கு மாறியபோது ஒரு சிக்கலை எதிர்கொண்டனர். அவர் மரபில் எல்லாப் படங்களையும் எல்லாரும் காணலாகாது. சில பெண்டிர்க்கே உரியன. சில ஒரு குடும்பத்தார்க்கே உரியன. திறந்த இணையமோ எல்லாவற்றையும் எல்லார்க்கும் காட்டும் இயல்பினது. ஆய்வாளர் கிம்பர்லி கிறிசுடன் அம்மக்களோடு சேர்ந்து 2007ஆம் ஆண்டில் ஒரு மின்காப்பகத்தை உருவாக்கினார். எதனை எவர் காணலாம் என்பதை அம்மக்களே வரையறுக்கும் வகையில் அது அமைந்தது.

அதற்கு இடப்பட்ட பெயர் 'முகுர்ட்டு'. வருமுங்கு மொழியில் இச்சொல் அருமைப் பொருள்களை இட்டுவைக்கும் முடைந்த பையைக் குறிக்கும். பையில் உள்ளதைக் காண விழைவோர் பைக்குரிய மூத்தோரை முறைப்படி அணுகுதல் வேண்டும். தகுதி கண்டு அவர் காட்டுவர். கூடையின் வாயைத் தன் பல்லாலேயே பற்றிக்கொள்ளும் நம் கழிக்கரைப் பெண்ணை இச்சொல் நமக்கு நினைவூட்டுகின்றது. பறியின் வாய் அவளிடமே உள்ளது. அவள் திறந்தாலன்றி எவரும் எடுக்க இயலாது. இணையவழிப் போற்றுதலுக்கும் இதுவே அளவுகோலாதல் வேண்டும் என்பது நம் துணிபு.

இக்கருத்து அயலார் விருப்பம் மட்டுமன்று. உலகம் ஏற்ற உரிமையாகும். ஐக்கிய நாடுகள் அவை 2007ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் ஏற்ற பழங்குடி மக்கள் உரிமைச் சாற்றுரையின் 31ஆம் பிரிவு, தம் பண்பாட்டு மரபையும் மரபறிவையும் பேணவும் கட்டுப்படுத்தவும் அம்மக்களுக்கு உரிமை உண்டு எனக் கூறுகின்றது. அவ்வாக்கெடுப்பில் இந்தியா ஆதரவாகவே வாக்களித்தது.

பயிலரங்கு அமையும் முறை

இந்நெறியைப் பழவேற்காட்டுச் சூழலில் செயற்படுத்துவது எங்ஙனம்? சில கூறுகளை முறையே காண்போம்.

முதலாவது, காலம். பயிலரங்கின் நேரத்தைக் கடிகாரம் முடிவு செய்யலாகாது. ஏரியும் இல்லமும் முடிவு செய்தல் வேண்டும். இறால் பிடிப்போர் நீரின் ஏற்ற இறக்கம் பார்த்து இறங்குவர். ஓலை முடைவோர் வீட்டுப் பணிகளின் இடைவெளியில் அமர்வர். நகரத்தார்க்கு ஏற்ற ஞாயிறு முற்பகல் அவர்க்கு ஏற்றதாக இராது.

இரண்டாவது, பொருள். ஓலை கையில் இல்லாதவர்க்கு முடைதலைத் திரையில் கற்பிக்க இயலாது. ஆகவே பக்குவப்படுத்திச் சாயமேற்றிய வார்களைக் கட்டாகக் கட்டிப் பங்கேற்போர்க்கு முன்னரே அஞ்சலில் அனுப்புதல் வேண்டும். அக்கட்டின் விலை, தனியாக ஒரு வருவாயாகக் கைவினைப் பெண்டிர்க்குச் சேரும். பத்துப் பன்னிருவர்க்கு மேற்பட்டோரை ஒரே நேரத்தில் சேர்த்தால் எவர் விரல் எங்குப் பிசகியது என்பதை ஆசிரியை காண இயலாது.

மூன்றாவது, காட்சி. தம் முகம் திரையில் தோன்றுவதை விரும்பாத பெண்டிர் பலர் இருப்பர். அவ்விருப்பம் மதிக்கத்தக்கது. முடைதலைக் கற்பதற்கு முகம் வேண்டுவதில்லை. கைப்பேசியை மேலிருந்து கீழ்நோக்கி நிறுத்தினால் பத்து விரல்களும் தெளிவாகத் தெரியும். ஆயினும் முகம் மறைவதால் ஆசிரியையின் தகுதி மறையலாகாது. அவர் எப்பெயரால் அழைக்கப்பட விரும்புகின்றாரோ அப்பெயரால், கற்பிக்கும் ஆசிரியை என்ற நிலையில், அறிமுகம் செய்தல் கடன்.

நான்காவது, ஊதியம். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரக் கூலி என்று கணக்கிடுவது நேர்மையன்று. ஓலை உலர்ந்த நாள்களும் சாயம் காய்ச்சிய நேரமும் அக்கணக்கில் சேர்தல் வேண்டும். நீரில் இறங்காது திரைமுன் அமர்ந்த இருளர் பெண்ணுக்கு அன்றைய இறாலின் விலையேனும் குறையாது கிடைத்தல் வேண்டும்.

ஐந்தாவது, பதிவு. நேரலை ஒருமுறை நிகழ்ந்து முடிவது. பதிவோ என்றும் நிற்பது. இவ்விரண்டிற்கும் இசைவைத் தனித்தனியே கேட்டல் வேண்டும். இசைவுத் தாள் எளிய தமிழில் அமைந்து, உரக்கப் படித்துக் காட்டப்பெறுதல் வேண்டும். பின்னாளில் ஒருவர் தம் பதிவை நீக்குமாறு கேட்பின் நீக்குதல் வேண்டும். இது செய்தவர்க்கு உரியது, இது வணிகத்திற்கு உரியதன்று, இது பெண்டிர்க்கு மட்டும் உரியது என்றாங்குப் பதிவுகளின்மீது அறிவிப்புப் பொறிக்கும் முறை 2010ஆம் ஆண்டு முதல் பழங்குடி மக்களிடையே வளர்ந்து வருகின்றது. நாமும் அதனைப் பின்பற்றலாம். மாசி மக வழிபாடு போன்றவற்றை ஒளிபரப்பாது விடுதலும் போற்றுதலின் ஒரு வகையே.

தமிழ்த்துறையின் பங்கு

தமிழ் பயில்வார்க்கு இப்பணியில் தனித்ததொரு பங்கு உண்டு. கலை அழியுமுன் அதன் சொற்கள் அழிகின்றன. ஓலையின் பகுதிகளுக்கும் முடைவின் வகைகளுக்கும் உரிய பெயர்கள், வலையின் உறுப்புகள், நீர்நிலையின் மாற்றங்கள், கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என வழங்கும் காற்றின் பெயர்கள் ஆகியன வாய்மொழியில் வாழ்பவை. நெகிழிக் கூடை வந்தவுடன் ஓலைக்கூடையோடு அதன் சொற்களும் விடைபெறுகின்றன. பயிலரங்கில் ஆசிரியை இயல்பாகச் சொல்லும் சொற்களை மாணவர் கேட்டெழுதி, அவரிடமே படித்துக் காட்டித் திருத்தம் பெற்று, ஒரு சொற்றொகுதியாக்கலாம். 2001ஆம் ஆண்டில் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் நிறுவனம் போன்றவற்றின் மின்நூலகங்களுக்கு, உரியவர் இசைவோடு அதனை வழங்கலாம். பழவேற்காட்டு முசுலிம் மக்களின் பேச்சு வழக்கும், அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் மரபும் இத்தொகுப்பில் இடம்பெறத் தக்கவை.

சொல்லைக் காத்தால் மட்டும் போதாது. பனையும் ஏரியும் இருத்தல் வேண்டும். பனை தமிழகத்தின் மாநில மரம். 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என அறிவித்தது. முகத்துவாரம் தூர்வதும், கரையை ஒட்டி ஆலைகளும் துறைமுகங்களும் பெருகுவதும் மீனவர் நெடுங்காலமாகச் சுட்டிவரும் இடர்கள். பெட்டியைப் புகழ்ந்து பனையை மறப்பதும், மீனவர் பாடலைச் சுவைத்து ஏரியை மறப்பதும் பூவைச் சூடி வேரை அறுப்பது போலாகும். ஒவ்வொரு பயிலரங்கிலும் சிறிது நேரத்தை அம்மக்கள் தம் ஏரியின் நிலையைக் கூறுவதற்கென ஒதுக்குதல் நன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். கலையும் பிழைப்பும் ஒரே ஓலையின் இரு பக்கங்கள் என்பது ஒன்று. செய்தவர் பெயரைச் சுமக்காத புகழ் செய்தவரை வாழ்விக்காது என்பதற்குப் பெலிக்காட் என்னும் சொல்லே சான்று என்பது மற்றொன்று. எதனைக் காட்டுவது, எதனைக் காப்பது என்னும் முடிவு உரிய மக்களிடமே இருத்தல் வேண்டும் என்பது மூன்றாவது.

நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரிடமும் இன்று கைப்பேசி உண்டு. கையுள் அடங்கும் அக்கருவி வலையாகவும் ஆகலாம், பறியாகவும் ஆகலாம். வலை அகப்பட்டதையெல்லாம் வாரிக்கொள்ளும். பறியோ உரியவர் இட்டதை மட்டுமே ஏற்கும். பழவேற்காட்டுக் கரைக்குச் செல்லும் இளையோர் இவ்விரண்டனுள் எதனைக் கொண்டு செல்கின்றனர் என்பதைப் பொறுத்தே, நானூறு ஆண்டுகளுக்கு முன் கரையில் நின்றுவிட்ட பெயர்கள் இனியேனும் கடல் கடப்பதும் கடவாமையும் அமையும்.